தொண்ணூற்றாறு காலுக்குச் செருப்பு

பாண்டிச்செல்விக்குக் கட்டைவிரல் இரண்டும் செத்துப் போயிருந்தன. காலை ஆறு மணிக்கு லைனில் நின்றவள், மதியம் இரண்டரைக்குள் இருநூறு கார் சீட்டுக்கு மேல் உறை மாட்டியிருந்தாள். இறுக்கித் தைத்த உறையை நுரை மெத்தைமேல் இழுத்து, ஓரத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, இடுக்கியால் கம்பி வளையத்தைக் கவ்வ வைக்க வேண்டும். ஒரு சீட்டுக்குப் பதினெட்டு வளையம். ஷிப்டு முடிந்து கேட்டுக்கு வந்தால், செல்போன் வைத்திருக்கிற லாக்கரின் சாவியைத் திருகக்கூட அந்த விரல்கள் சொன்னபடி கேட்காது.

"குடு இங்க" என்று சாவியை வாங்கித் திருகினார் கொம்பையா.

அதே கம்பெனியில் வேலை பார்ப்பவர்தான் கொம்பையா. ஆனால் லைனில் நிற்பதில்லை. மூடிய அறைக்குள் சீட்டை ஒரு மேஜைமேல் ஏற்றிக் குலுக்குவார்கள். மேடு பள்ளத்தில் கார் ஓடுவதுபோல அது ஆடும். பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டு, எந்த இடத்தில் 'கிரீச்' என்கிறது, எந்த இடத்தில் 'டொக்' என்கிறது என்று சொல்வதுதான் அவர் வேலை. மிஷினுக்குக் கேட்காதது அவருக்குக் கேட்கும். கம்பெனியில் அவருக்கு நாய்க்காது என்று பேர். அவருக்கும் சங்கரன்கோவில் பக்கம்தான். பாண்டிச்செல்விக்கு அவர் அண்ணாச்சி.

போனில் பள்ளிக்கூடத்து நம்பரிலிருந்து நான்கு மிஸ்டு கால்.

"இன்னைக்குமா?" என்றார் கொம்பையா.

"ஜூன்ல இருந்து எந்த நாளு வராம இருந்துச்சு அண்ணாச்சி? நேத்து மூணு. இன்னைக்கு நாலு."

கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபோது, வீடு இருக்கிற வல்லம் வரும்வரை அவள் போனைக் கீழே வைக்கவில்லை. திருப்பிக் கூப்பிடவும் இல்லை. என்ன சொல்வார்கள் என்று தெரியும்.

மகள் கங்காவுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. நாலு வயதுவரை பேச்சு வராமல் இருந்தவளை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, காது நன்றாகக் கேட்கிறது, தேவைக்கு மேலேயே கேட்கிறது, இது ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னார். குக்கர் விசில் அடிக்குமுன் கங்கா எழுந்து வெளியே போய்விடுவாள். இப்போது பத்து இருபது வார்த்தை பேசுவாள். எழுத்து எல்லாம் எழுதுவாள். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் தொந்தரவில்லாமல்தான் போயின. மூன்றாவதுக்கு வந்ததும் என்ன பிடித்ததோ, தினமும் அலறல். காதைப் பொத்திக்கொண்டு மணிக்கட்டைக் கடித்துக்கொள்கிறாள். போன மாதம் இரண்டு தடவை வகுப்பைவிட்டு ஓடி ரோட்டுக்கே வந்துவிட்டாள். அது கன்டெய்னர் லாரி போகிற ரோடு.

பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் செல்வநாதன் அவளுக்காகக் காத்திருந்தார். பக்கத்தில் வகுப்பு டீச்சர் ஷீபா. ஷீபாவின் புடவை முந்தானை கிழிந்திருந்தது. கங்கா அதைப் பிடித்துத் தொங்கியிருக்கிறாள்.

"உட்காரும்மா" என்றார் செல்வநாதன். "நான் கெட்டவன் இல்ல. இன்னிக்கு மறுபடியும் கேட் வரைக்கும் ஓடிட்டா. ஷீபா டீச்சர் ஒருத்தி, முப்பத்தாறு பசங்க. இவ பின்னாடி ஓடுவாளா, அதுங்களைப் பாப்பாளா? லாரி அடிச்சா நீ என்னைக் கேப்பியா மாட்டியா?"

"கேப்பேன் சார்" என்றாள் பாண்டிச்செல்வி.

அவர் மேஜைமேல் கிடந்த, பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்க வைக்க எழுதி அனுப்புகிற அச்சடித்த பாரத்தை நகர்த்தி வைத்தார். "காலாண்டுப் பரீட்சை வரைக்கும் பார்ப்போம். அப்புறம் வீட்டோட இருக்கட்டும். பேரு ரெஜிஸ்டர்ல இருக்கும். வாரத்துக்கு ஒரு நாள் ஸ்பெஷல் டீச்சர் வீட்டுக்கே வருவாங்க."

"மீதி ஆறு நாளு?"

ஷீபாதான் பேசினாள். "அக்கா, அவ நல்லா படிக்கிறா. எனக்கே அனுப்ப மனசில்ல. ஆனா திடீர் திடீர்னு ஆயிடுது. ஏன்னே தெரியல."

மீதி ஆறு நாளும் பாண்டிச்செல்வி வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் பதில். புருஷன் சண்முகசுந்தரம் கார் ஏற்றும் டிரெய்லர் ஓட்டுகிறவன். மாதத்தில் எட்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். வேலை போனால்கூட இன்னொன்று தேடலாம். கங்கா வீட்டோடு போனால் போனதுதான். அந்த ஒற்றை அறையில், ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டு அவள் பெரியவளாகிவிடுவாள். இது பாண்டிச்செல்விக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதைக் கேட்டதும் கொம்பையாவுக்கு ஒரு யோசனை வந்தது. சீட் கம்பெனிக்காரனுக்கு வேறு என்ன யோசனை வரும்? சீட்டுதான்.

"பிள்ளைக்கு நல்லதா ஒரு நாற்காலி செஞ்சு குடுப்போம். இரும்பு பெஞ்சு அவளுக்கு ஒத்துக்கலபோல. ஆடாம, சத்தம் போடாம, உக்காந்தா அணைச்சுப் பிடிச்ச மாதிரி."

டிரையலுக்குச் செய்து கழித்துப்போட்ட பின்பக்கச் சீட் ஒன்று கிடந்தது. சூப்பர்வைசர் மணிகண்டபிரபு கையெழுத்துப் போட்டு, கேட் பாஸோடு அதை வெளியே அனுப்பினான். கொம்பையா அதை அறுத்துச் சின்னதாக்கினார். இரண்டு பக்கமும் நுரைச் சுவர் வைத்தார். இரும்பும் இரும்பும் தொடுகிற இடமெல்லாம் துணிப்பட்டை சுற்றினார். உறையைப் பாண்டிச்செல்வியே தைத்தாள். நரம்பு மாதிரி மேலே எழும்பி ஓடுகிற தையல் வைத்தாள். கங்கா அதை விரலால் தடவிக்கொண்டே இருப்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டில் வைத்ததும் கங்கா போய் அதில் உட்கார்ந்துகொண்டாள். இறங்கவே இல்லை. சாப்பாடும் அதில்தான். கீழ் வீட்டுக் கிளியம்மாள் வந்து பார்த்துவிட்டு, "இன்னாமே, கலெக்டரு மாரி உக்காந்துகினு கீது" என்று கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். கொம்பையா நாற்காலியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஒரு முனகல் இல்லை. இனி கவலை இல்லை என்று மூன்று பேரும் நம்பினார்கள்.

திங்கட்கிழமை நாற்காலி பள்ளிக்கூடத்துக்குப் போனது. அன்று மிஸ்டு கால் ஐந்து.

"நாற்காலியோட சேத்து இழுத்துக்கிட்டு மேஜைக்கு அடியில பூந்துட்டா அக்கா" என்றாள் ஷீபா. "வெளிய வரவே மாட்டேன்னுட்டா."

பாண்டிச்செல்விக்கு அன்று சோறு இறங்கவில்லை. கொம்பையாவுக்கோ கோபம். யார்மேல் என்றுதான் தெரியவில்லை. "நான் செஞ்சதுல சத்தம் இல்ல. உறுதியாச் சொல்லுதேன். பொறவு எதுக்கு அலறுதா?" என்று இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், நைட் ஷிப்டு முடித்த கையோடு, குளிக்காமல்கூட அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அன்று அவள் லீவு போட்டிருந்தாள். காலையில் வீட்டில்தான் இருந்தாள்.

"வா, பள்ளிக்கூடத்துக்குப் போவோம். நான் அந்த ரூம்புல உக்காந்து கேக்கணும்."

"என்னத்தக் கேக்கப் போறீங்க?"

"தெரிஞ்சா எதுக்கு வாரேன்?"

செல்வநாதன் தயங்கித்தான் அனுமதித்தார். இருவரும் மூன்றாம் வகுப்பு வாசலில் கால் வைத்தார்கள். முப்பத்தாறு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள்.

"வ... ண... க்... கம் ஐயா! வ... ண... க்... கம் அம்மா!"

யார் உள்ளே வந்தாலும் எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டும் என்பது அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம். கங்கா மூலையில் தன் நாற்காலியில் இருந்தாள். காதைப் பொத்திக்கொண்டு கத்த ஆரம்பித்திருந்தாள். பாண்டிச்செல்வி ஓடிப்போய் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அடங்கியது. கொம்பையா பின்னால் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடினார். பாடம் நடந்தது. பிள்ளைகள் கத்தினார்கள், வாய்ப்பாடு சொன்னார்கள், வெளியே லாரி ஹாரன் அடித்தது. கங்கா அதற்கெல்லாம் ஒன்றும் செய்யவில்லை. முதுகை நாற்காலியில் அழுத்திக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

அப்போது சத்துணவு ஆயா எத்தனை பேர் என்று கேட்க வாசலில் வந்து நின்றாள். வகுப்பு எழுந்தது. கங்கா கத்தினாள்.

கொம்பையா கண்ணைத் திறந்தார். பிள்ளைகள் உட்கார்ந்து, கங்கா அடங்கும்வரை காத்திருந்தார். அப்புறம் எழுந்து வெளியே போனார். மறுபடி உள்ளே வந்தார்.

"வ... ண... க்... கம் ஐயா!"

கங்கா காதைப் பொத்தினாள். கொம்பையா இன்னொரு தடவை வெளியே போய் உள்ளே வந்தார். பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. இந்தத் தடவை வணக்கம் கூரையைத் தூக்கியது.

"சாரு, நீங்க இன்ஸ்பெக்சனா?" என்று கேட்டாள் முன் பெஞ்சு ஸ்டெல்லா.

"அண்ணாச்சி, பிள்ளையக் கொல்லுதீங்களா?" என்று சீறினாள் பாண்டிச்செல்வி. மகளின் தலை அவள் வயிற்றில் புதைந்திருந்தது.

"ஒரே ஒரு தடவ தாயி. பொறுத்துக்கோ." கொம்பையா பிள்ளைகளைப் பார்த்தார். "எல்லாரும் கேளுங்க. இப்ப நான் வருவேன். நல்லாக் கத்தி வணக்கம் சொல்லணும். ஆனா பெஞ்சத் தள்ளப்பிடாது. தள்ளாம, அப்படியே நெளிஞ்சு எந்திரிக்கணும். சரியா?"

போனார். வந்தார். முப்பத்தாறு பேரும் பெஞ்சுக்கும் டெஸ்க்குக்கும் நடுவில் கோணிக்கொண்டு நின்று, ஊர் கேட்கக் கத்தினார்கள். கங்கா அம்மாவின் வயிற்றிலிருந்து தலையை எடுத்துப் பார்த்தாள். கத்தவில்லை.

கொம்பையா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். "இருபது வருசம் இதே வேலை பாக்கேன். சத்தம் கேக்குத எடம் வேற, வருத எடம் வேறன்னு புதுசா வருத பயலுக்கெல்லாம் நான்தான் சொல்லிக்குடுக்கேன். நானே பிள்ள கத்துதான்னு பிள்ளைக்குச் சீட்டு செஞ்சிருக்கேன் பாத்தியா!"

பெஞ்சும் டெஸ்க்கும்தான் அந்தச் சத்தம். சிமெண்டுத் தரையில் அடிமூடி இல்லாத சதுரக் குழாய்க் கால்கள். எழும்போது பெஞ்சு பின்னால் போகும், டெஸ்க்கு முன்னால் போகும். பன்னிரண்டு பெஞ்சு, பன்னிரண்டு டெஸ்க்கு. அவ்வளவும் ஒரே நொடியில் தரையைக் கீறின. பெரியவர்களுக்கே பல் கூசும். வணக்கத்தின் இரைச்சலில் அது யார் காதிலும் தனியாக விழவில்லை. கங்காவுக்கு அதுமட்டும்தான் விழுந்திருக்கிறது.

பாண்டிச்செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. "டீச்சர், ஒண்ணாங்கிளாசு ரெண்டாங்கிளாசுல பிள்ளைங்க பாய்ல தானே உக்காருது?"

ஷீபா தலையில் கை வைத்தாள். "ஆமாக்கா. பெஞ்சு இங்க மட்டும்தான். ஜூன்ல வந்துச்சு."

செல்வநாதனிடம் சொல்வதுதான் பெரிய காரியமாக இருந்தது. அந்தப் பெஞ்சுகள் ஒரு கம்பெனி நன்கொடையாகத் தந்தவை. ஒவ்வொன்றின் முதுகிலும் நீலத்தில் கம்பெனி பேர் எழுதியிருந்தது.

"அதுக்காக எத்தனை கம்பெனி கேட்ல நின்னேன் தெரியுமாய்யா? செக்யூரிட்டி என்னை டொனேஷன் பார்ட்டின்னு சிரிச்சான். இப்ப அதால ஒரு குழந்தை படிக்க முடியலைன்னு சொல்றீங்க. திருப்பிக் கொடுத்துடவா?"

"ஐயையோ, அப்படியில்ல சார்" என்றாள் பாண்டிச்செல்வி. "பெஞ்சு இருக்கட்டும். செருப்பு போட்டு விடுவோம்."

அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது.

பன்னிரண்டும் பன்னிரண்டும் இருபத்துநாலு. நான்கால் பெருக்கினால் தொண்ணூற்றாறு கால். ஞாயிற்றுக்கிழமை செய்வதென்று முடிவாயிற்று. அடுத்த வாரம் காலாண்டுப் பரீட்சை.

வல்லம் முக்கில் பஞ்சர் கடை வைத்திருந்த சுப்பன், கிழிந்த டியூப் கேட்டு வந்தவளை ஏற இறங்கப் பார்த்தான். "டியூப் இன்னாத்துக்குமே?"

"பெஞ்சு காலுக்கு."

"பெஞ்சுக்கும் பஞ்சர் ஒட்ற காலம் வந்துட்ச்சா? எட்த்துகினு போ. ஒட்டி ஒட்டி ஒட்ட எடமில்லாத டியூப் மூணு கீது. எடத்தத்தான் அடைச்சுகினு கெடக்குது."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவர்கள் தொடங்கினார்கள். ரப்பரை வட்டமாக வெட்டி, இரண்டு மடிப்பாகக் காலின் அடியில் வைத்து, அதே டியூபில் நறுக்கிய நாடாவை இழுத்து இழுத்துச் சுற்றி, கடைசி முனையை ஆணியால் தள்ளி உள்ளே செருகினால் ஒரு செருப்பு. இழுக்கிற வேலை பாண்டிச்செல்விக்கு. ரப்பரை இழுத்து ஓரத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடிப்பது அவளுக்குப் புதுசா என்ன? ஷீபா வெட்டினாள். கொம்பையா பெஞ்சைத் தூக்கிக் கவிழ்த்தார். செல்வநாதன் கோவில் முடித்துவிட்டு வெள்ளைச் சட்டையோடு வந்து, ஒரு செருப்பு கட்டினார். அது உடனே கழன்றது. அப்புறம் அவர் எண்ணிக்கை மட்டும் பார்த்துக்கொண்டார்.

முதல் பெஞ்சு முடிந்ததும் வேடிக்கை பார்க்க வந்திருந்த வகுப்புப் பிள்ளைகளில் மூன்று பேரைக் கொம்பையா கூப்பிட்டு உட்கார வைத்து எழச் சொன்னார். பெஞ்சு நகரவே இல்லை. ரப்பர் தரையைக் கவ்விக்கொண்டது.

"தள்ள முடியல சார்" என்றாள் ஸ்டெல்லா.

"தள்ள முடியாம இருக்கத்தான் இவ்வளவும்" என்றார் அவர். டெஸ்க்கிலிருந்து பெஞ்சை ஒரு சாண் தள்ளி வைத்தார். இப்போது தள்ளாமலே எழ முடிந்தது. அந்த இடைவெளிக்குத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார்.

மதியம் இரண்டு மணிக்கு மூன்று டியூபும் தீர்ந்தன. செல்வநாதன் எண்ணினார். அறுபத்தெட்டு கால் முடிந்திருந்தது. இன்னும் இருபத்தெட்டு.

பாண்டிச்செல்வி தரையில் உட்கார்ந்துவிட்டாள். கட்டைவிரல்களில் உணர்வே இல்லை. சுப்பன் கடை ஞாயிறு மதியத்தோடு அடைப்பு. ஏழு பெஞ்சு கத்தினாலும் கங்காவுக்குப் போதும். நாளைக்கும் போன் வரும். நாளை மறுநாள் பரீட்சை.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஸ்டெல்லாவைச் சுற்றி நின்று குசுகுசுவென்று பேசினார்கள். ஒருத்தி, "வாணாம்டி, குடுத்தா வராது" என்றாள். ஸ்டெல்லா அவளை ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு ஓடினாள். கால் மணி கழித்து, காற்றடித்த பெரிய லாரி டியூப் ஒன்றைத் தலையில் மாட்டிக்கொண்டு வந்தாள். மழை பெய்து ஏரி நிரம்பினால் மூன்றாம் வகுப்பு மொத்தமும் அதில்தான் தொங்கும். அதற்குப் பஞ்சர் கிடையாது. குத்தாமலிருக்க வால்வைச் சுற்றித் துணி கட்டி வைத்திருந்தார்கள்.

"யக்கா, இது கடன்" என்றாள் ஸ்டெல்லா. "ஏரி ரொம்பறதுக்குள்ள வேற குடுத்துடணும். பஞ்சர் ஒட்னது வாணாம்."

"தாரேன்" என்றாள் பாண்டிச்செல்வி.

"சாமி சத்தியமா?"

"சத்தியமா தாரேன்டி."

ஸ்டெல்லாவே வால்வைப் பிடுங்கினாள். காற்று போகப் போகப் பிள்ளைகள் டியூபைத் தடவிக்கொண்டே நின்றார்கள். கொம்பையா கத்தியை எடுத்ததும் இரண்டு பேர் திரும்பிக்கொண்டார்கள்.

மறுநாள் பாண்டிச்செல்விக்கு முதல் ஷிப்டு. அன்று எத்தனை சீட் மாட்டினாள் என்று அவளுக்கு நினைவில்லை. இரண்டரைக்குக் கேட்டுக்கு ஓடிவந்து, சாவியை இரண்டு கையாலும் பிடித்துத் திருகி, போனை எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. சார்ஜ் செத்துவிட்டதோ என்று பார்த்தாள். இருந்தது. டவர் இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவளை ஒரு கால் போடச் சொன்னாள். போன் அடித்தது. மிஸ்டு கால் இல்லை. அவ்வளவுதான். வல்லத்தில் இறங்க வேண்டியவள் அசந்து தூங்கிப்போனாள். டிரைவர்தான் ஹாரன் அடித்து எழுப்பினார்.

பள்ளிக்கூடத்தில் உள்ளே போகாமல் ஜன்னல் ஓரமாக நின்றாள். செல்வநாதன் அப்போதுதான் வகுப்புக்குள் நுழைந்தார். வகுப்பு எழுந்தது. வணக்கம் வந்தது. அதற்கடியில் துணி உரசுகிற சத்தமும் வளையல் சத்தமும் மட்டும் கேட்டன. எல்லாரும் நின்றார்கள். கங்கா மட்டும் நிற்கவில்லை. தன் நாற்காலியில் சாய்ந்தபடி தையலைத் தடவிக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கங்கா, ஐயா வந்திருக்காங்க பாரு" என்றாள் ஷீபா.

"இருக்கட்டும் டீச்சர்" என்றார் செல்வநாதன். "அவ இருக்கா. அது போதும்."

வெளியே வந்தவர் ஜன்னலோரம் நின்றவளைப் பார்த்துவிட்டார். "அந்த பாரம் மேஜையிலேயே இருக்கும்மா. அனுப்பல. இனிமே அனுப்பவும் மாட்டேன். காலையில டெஸ்க்கை நகர்த்திப் பார்த்தேன், ஒரு சத்தம் இல்ல. எனக்கே தலைவலி விட்டுப்போச்சு. இத்தனை நாள் அது பிரஷர்னு மாத்திரை போட்டுக்கிட்டிருந்தேன்."

பாண்டிச்செல்விக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று யோசிக்கும்போதே அழுகையும் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பெல் அடித்ததும் கங்கா வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு" என்றாள். நாளைக்கும் பள்ளிக்கூடம் என்று பொருள். அது கேள்வியாகவும் இருக்கலாம்.

"நாளைக்கும்தான்" என்றாள் பாண்டிச்செல்வி.

ரோட்டில் ஸ்டெல்லாவும் நான்கு பிள்ளைகளும் வழிமறித்தார்கள். "யக்கா, டியூபு?"

அன்று சாயங்காலமே அவள் புருஷனுக்குப் போன் போட்டாள். கிருஷ்ணகிரி தாண்டிப் போய்க்கொண்டிருந்தான். "எங்க வண்டியெல்லாம் டியூப்லெஸ்ஸா மாத்திட்டானுவ. தாபாவுல கேட்டுப் பாக்குதேன்" என்றான். கிடைக்கும், கிடைக்காது என்று சொல்லவில்லை. அக்டோபர் பிறந்தது. மழை இரண்டு தடவை வந்து போனது. ஏரியில் முழங்கால் தண்ணீர். கங்கா காலாண்டுக் கணக்குப் பரீட்சையில் எழுபத்தொன்று வாங்கியிருந்தாள்.

பாண்டிச்செல்வி இன்னும் கொடுக்காதது ஒன்று உண்டு. மூன்றாம் வகுப்புக்கு ஒரு லாரி டியூப். பஞ்சர் ஒட்டாதது.